பெரியவர் உள்ளேதான் இருக்கிறார்

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் சௌகரியம். அங்கே நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்பதை நேற்று போனில் என் மனைவியிடம் மூச்சு விடாமல் சொல்லிவிட்டாய் என்று அறிந்தேன். "கோர்ட்டுல பெரிய உத்தியோகம்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறான், கூடப் பிறந்தவ பிள்ளை உள்ளே கிடக்கான், ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு வாய் வரலையா?" என்று கேட்டாயாம். அவள் அதை உன் குரலிலேயே எனக்கு நடித்துக் காட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் இருவரும் ஒரே கட்சியில் நின்று நான் பார்த்ததில்லை. அந்தக் குறையும் இப்போது தீர்ந்தது. ஆகவே என் தரப்பு நியாயத்தை எழுதுகிறேன். போனில் சொன்னால் என்ன என்பாய். ஏன் முடியாது என்பது படித்துக்கொண்டே போனால் தெரியும்.

சின்னவன் விஷயத்தை நீ எனக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. பழுது பார்க்கப் போன இடத்தில், அந்த லிஃப்டை ஓட்டாதீர்கள், கம்பி வடம் நைந்துவிட்டது என்று அவன் கட்டடக்காரரிடம் சொன்னான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லிஃப்ட் தன் இஷ்டத்துக்கு இறங்கியது, உள்ளே இருந்த மனிதருக்குக் கால் முறிந்தது. போலீஸ் வந்தபோது கட்டடக்காரர் வெளியூரில் இருந்தார். நம்ம பையன் மட்டும் கையில் ஸ்பேனரோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். பிடித்துக்கொண்டு போக வசதியாக இருந்தது, போய்விட்டார்கள். என் வீட்டு மின்விசிறி கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டிருந்ததை, சாப்பிட வந்த இடத்தில் ஸ்டூல் போட்டு ஏறிச் சரி செய்தவன் அவன். இப்போது அது சத்தமே இல்லாமல் சுற்றுகிறது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை. எனக்கு அக்கறை இல்லை என்று மட்டும் சொல்லாதே. அவனுடைய ஜாமீன் மனு நன்றாக இருக்கிறது. வக்கீலும் நல்லவர்தான், பேசும்போது கொஞ்சம் எச்சில் தெறிக்கும், அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால் மனு ஐந்தாம் கோர்ட்டுக்குப் போய்விட்டது. ஐந்தாம் கோர்ட் நீதிபதி குளியலறையில் வழுக்கி விழுந்து விடுப்பில் இருக்கிறார். அவர் இடுப்பு சேருகிற வரைக்கும் அந்த அறையில் போய்ச் சேர்ந்த மனுவெல்லாம் அப்படியே கிடக்கும்.

அவர் இல்லாவிட்டால் வேறு நீதிபதியே இல்லையா என்று நீ கேட்டதாகவும் சொன்னாள். நல்ல கேள்வி. நீதிபதிக்கு அதிகாரம் என்றால் நீயும் நானும் என்ன நினைக்கிறோம்? மேடையில் உட்கார்ந்து ஒருவனை உள்ளே போ என்பது, இன்னொருவனை வீட்டுக்குப் போ என்பது. அக்கா, அது சில்லறை அதிகாரம். எந்த வழக்கு யாரிடம் போகும், எந்த நீதிபதி எந்த அறையில் உட்கார்ந்து எந்த மாதிரி வழக்கைப் பார்ப்பார், யாருக்கு ஜன்னல் வைத்த அறை, யாருக்கு ஜெனரேட்டர் பக்கத்து அறை, எந்தக் குமாஸ்தா எங்கே, எவருக்கு எப்போது விடுப்பு, இதுதான் மொத்த அதிகாரம். இந்தக் கட்டடத்தில் அது ஒருவர் கையில் இருக்கிறது. தலைமை நீதிபதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், குரலைத் தாழ்த்திப் 'பெரியவர்' என்பார்கள். மூன்றாம் கோர்ட்டில் ஒருவர் இருக்கிறார், வக்கீல்கள் அவருக்கு வைத்த பெயர் இடி. கொட்டாவி விட்டவனை மாலை வரை நிற்க வைத்த ஆள். அவர் அறைக் கடிகாரம் நின்றுபோய் நாளாகிறது, சரி செய்ய விடமாட்டேன் என்கிறார், நான் வந்து உட்கார்ந்தால்தான் பத்தரை என்கிறார். அப்பேர்ப்பட்ட இடி ஒருவனுக்கு ஆயுள் தண்டனை கொடுக்கலாம், ஆனால் அடுத்த அறை மேசையில் கிடக்கிற ஒரு மனுவைத் தொட முடியாது. தொட்டால் மறுநாள் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சின்னவன் மனுவை ஐந்தாம் கோர்ட்டிலிருந்து எடுத்து, இரண்டாம் கோர்ட்டில் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்கிற அந்த அம்மாவிடம் வைக்க, பெரியவருடைய ஒரு கையெழுத்து போதும். அதுவும் முழுக் கையெழுத்து வேண்டாம், சுருக்கொப்பம் போதும்.

இப்போது நீ சொல்வாய், "அந்தப் பெரியவர் அறை வாசல்ல உட்கார்ற வேலைதானேடா உனக்கு?" என்று. ஆமாம், அதுதான் என் விதி. நகல் பிரிவில் என் பாட்டுக்கு மை பூசிக்கொண்டு நிம்மதியாக இருந்தவனை ஒரு நாள் மாற்றல் உத்தரவு தேடி வந்தது. போய்ப் பார்த்தால் நீளமான ஒரு நடைபாதையின் கோடியில் ஒரு கதவு. கதவுக்கு மேல் ஒரு மஞ்சள் விளக்கு. பக்கத்துச் சுவரில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னல் மாதிரி ஒரு சின்னத் திறப்பு, உள்பக்கம் மரப்பலகை போட்டு மூடியிருக்கும். வெளியே எனக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி. எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் ஒரு நாள் என்னோடு இருந்து வேலை சொல்லிக்கொடுத்தார். மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் ஒடிந்து நூல் சுற்றியிருக்கும், அதனால் எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர். "விளக்கு எரிஞ்சா ஐயா உள்ளே இருக்காங்கன்னு அர்த்தம். கதவைத் தட்டக் கூடாது. கோப்பு வந்தா இந்தத் திறப்புல வைக்கணும், உள்ளே எடுத்துக்குவாங்க. மணி ஒரு தடவை அடிச்சா கோப்பு தயார். ரெண்டு தடவைன்னா தண்ணி" என்றார். மூன்று தடவை அடித்தால் என்று கேட்டேன். "அடிக்க மாட்டாங்க" என்றார். ஒருவேளை அடித்தால் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "அடிச்சா உள்ளே போகணும்" என்றார். மறுநாள் நான் வந்தபோது அவர் இல்லை. பதிவாளரிடம் கேட்டேன். கட்டடத்தில் பெரியவருக்கு அடுத்தபடியாக எல்லாம் தெரிந்தவர் அவர்தான். "அவர் பணியிலதான் இருக்கார்" என்றார். எங்கே சார் என்றேன். "அது மேலிடத்து விஷயம்" என்று சொல்லி டீயைக் கையில் எடுத்துக்கொண்டார். டீயை எடுத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அக்கா, உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், நான் பெரியவரை இதுவரை பார்த்ததில்லை. காலையில் எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் அவர் எனக்கு முன்னால் வந்திருக்கிறார். மாலையில் எவ்வளவு நேரம் இருந்தாலும் கிளம்புவதில்லை. உள்ளே இருமல் இல்லை, செருமல் இல்லை, நாற்காலி நகர்கிற சத்தம் இல்லை. தாள் புரள்கிற சத்தம் மட்டும் கேட்கும். தண்ணீர் வைத்தால் பலகை திறந்து டம்ளர் உள்ளே போகும், காலியாகத் திரும்பி வரும். கோப்பு வைத்தால் பச்சை மையில் கொக்கி மாதிரி ஒரு சுருக்கொப்பத்தோடு வெளியே வரும். அவருடைய ஓட்டுநரிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். காரைத் துடைத்துக்கொண்டே, "ஒரு நாள் காலையில கொண்டுவந்து இறக்கி விட்டேன். அதுக்கப்புறம் திரும்ப ஏத்திக்கிட்டுப் போகலை. அப்போ உள்ளேதானே இருக்கணும்?" என்றார். எந்த நாள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் கணக்கு வெச்சுக்கிட்டா வேலை பார்க்க முடியுமா?" என்று கார்க் கண்ணாடியில் ஊதித் துடைக்க ஆரம்பித்தார். இன்னொன்றும் கேள். இந்த வாசலுக்கு வந்த புதிதில் ஒரு நாள் என் மனைவி போன் செய்தாள், வாசலில் உட்கார்ந்தபடியே "சும்மா நொய் நொய்னு பண்ணாத, வை" என்று மெதுவாகத்தான் சொன்னேன். மறுநாள் திறப்பு வழியாகப் பச்சை மையில் ஒரு குறிப்பு வந்தது: 'வாசலில் பணிபுரிபவர் மனைவியிடம் இன்னும் பணிவாகப் பேசலாம்.' அன்றிலிருந்து போனில் எதையும் பேச எனக்குத் தைரியம் இல்லை. அவள் மட்டும் அந்தக் குறிப்பைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்கிறாள்.

நான் தண்ணீர் கொடுக்கிற ஆள் உண்மையில் உள்ளே இருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது எப்படி என்றால், விளக்கினால் வந்தது. கதவுக்கு மேல் எரிகிற அந்த விளக்குக்குச் சுவிட்ச் எங்கே இருக்கிறது தெரியுமா? என் மேசைக்குப் பக்கத்தில். தினமும் வந்ததும் அதைப் போடுவது யார்? நான்தான். கண்ணாடிக்காரர் போடச் சொன்னார், போடுகிறேன். ஓட்டுநரிடம் மறுபடி கேட்டால் "விளக்கு எரியுதே" என்கிறார். பதிவாளரும் விளக்கைத்தான் காட்டுகிறார். அந்த வழியாகப் போகிற நீதிபதிகள் விளக்கைப் பார்த்து லேசாகக் குனிந்துவிட்டுப் போகிறார்கள். இவர்கள் எல்லாரும் நம்புகிறார்களே என்றுதான் நானும் நம்பினேன். அவர்கள் நம்புவதோ நான் போடுகிற சுவிட்சை. இந்த யோசனை மண்டைக்குள் நுழைந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு நாள் காலையில் சுவிட்சைப் போடாமல் உட்கார்ந்து பார்த்தேன். அக்கா, அந்தக் கட்டடம் நின்றுபோயிற்று. முதலில் இரண்டாம் கோர்ட் அம்மா அங்கியை ஒரு தோளில் மாட்டியபடி வந்து விளக்கைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார். பிறகு நாலாம் கோர்ட்காரர் வந்தார். ஒருவரும் மேடை ஏறவில்லை. இன்று எந்த வழக்கை யார் எடுப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்களுக்கும் தைரியம் இல்லை. வக்கீல்கள் நடைபாதை முழுக்க நின்றார்கள், கைவிலங்கோடு வந்தவர்கள் நின்றார்கள், அவர்களைக் கூட்டி வந்த போலீஸ்காரர்கள் நின்றார்கள். அத்தனை பேர் நின்றும் ஒரு சத்தம் இல்லை. எல்லாரும் அந்த எரியாத விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது உள்ளேயிருந்து மணி அடித்தது. ஒரே தடவை, நீளமாக. என் விரல் தானாகப் போய்ச் சுவிட்சைப் போட்டது. விளக்கு எரிந்ததும் எல்லாரும் ஒன்றும் நடக்காத மாதிரிக் கலைந்து போனார்கள். இடி மட்டும் போகிற போக்கில் என்னைப் பார்த்து, "பல்ப் ஃப்யூஸா?" என்றார். ஆமாம் ஐயா என்றேன். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

ஆனால் அன்றிலிருந்து நீதிபதிகளுக்கும் உள்ளூர உதறல் எடுத்துவிட்டது. பெரியவரை யாராவது ஒருவர் நேரில் பார்த்துவிடுவது நல்லது என்று பேசிக்கொண்டார்கள். நாலைந்து பேர் என் மேசையைச் சுற்றி நின்று, எனக்குக் கேட்கக் கூடாது என்று எனக்கு நன்றாகக் கேட்கிற குரலில் பேசினார்கள். "நீங்க மூத்தவங்க, நீங்க போங்க" என்றார் நாலாம் கோர்ட். "மூத்தவன்னா முதல்ல போகணும்னு எந்த விதியில இருக்கு?" என்றார் இடி, பூனைக்குட்டி மாதிரி ஒரு குரலில். அந்தக் குரல் அவரிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கதவைத் திறக்க உத்தரவு வேண்டும் என்றார் பதிவாளர். யார் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். பெரியவர்தான் என்றார். சரி, எல்லா நீதிபதிகளும் உட்கார்ந்து ஒரு கூட்டம் போட்டு முடிவு எடுக்கலாம் என்றார் அந்த அம்மா. கூட்டத்தைக் கூட்டுகிற அதிகாரமும் பெரியவருடையதுதான் என்றார் பதிவாளர். இவ்வளவு படித்தவர்கள் அவ்வளவு பேரும் கூடி யோசித்தார்கள். கடைசியில், பெரியவர் உள்ளே இருக்கிறாரா என்று ஆலோசிக்க ஒரு கூட்டம் நடத்தப் பெரியவரின் அனுமதி கோரி ஒரு கோப்பு தயாரித்தார்கள். எல்லாரும் ஒப்பமிட்டு, என் கையில் கொடுத்து, திறப்பில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். தாள் புரண்டது. மணி அடித்தது. கோப்பு வெளியே வந்தது. பச்சை மையில், 'தேவை எழவில்லை' என்று இருந்தது. அதைப் படித்ததும் அவர்கள் முகம் எல்லாம் தெளிந்துவிட்டது. "பாத்தீங்களா, உள்ளேதான் இருக்கார்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒப்பமிட்டவர்களில் முதல் ஆளான இடிக்கு மறுவாரம் ஜெனரேட்டர் பக்கத்து அறை ஒதுக்கப்பட்டது. இப்போது அவர் தீர்ப்பு சொன்னால் முன்வரிசைக்குக்கூடக் கேட்பதில்லை.

இதற்கெல்லாம் பிறகும், அக்கா, உன் பிள்ளைக்காக நான் துணிந்தேன். அதை நீ மறக்கக் கூடாது. ஐந்தாம் கோர்ட்டிலிருந்து சின்னவன் மனுவை எடுத்துவரச் செய்து, 'இரண்டாம் கோர்ட்டுக்கு மாற்ற உத்தரவு வேண்டப்படுகிறது' என்று ஒரு வரி எழுதி, மற்றக் கோப்புகளுக்கு நடுவில் சொருகித் திறப்பில் வைத்தேன். அவன் எனக்கு என்ன உறவு என்று எழுதவில்லை. இந்தக் கட்டடத்தில் ஒருவரிடமும் அதைச் சொன்னதும் இல்லை, பியூனிடம்கூட. கோப்பு திரும்பி வந்தது. 'இதை வைத்தவர் மனுதாரரின் தாய்மாமன். அவர் கருத்து என்ன?' என்று எழுதியிருந்தது. உறவு எப்படித் தெரிந்தது என்றுதான் முதலில் யோசித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் கேள்வியின் அடுத்த பாதி புரிந்தது. என் கருத்தைக் கேட்கிறார். மாற்றலாம் என்று ஒரு சொல் எழுதியிருந்தால் பையன் அந்த வாரமே வீட்டில் இருந்திருப்பான். ஆனால் இத்தனை வருஷம் ஆபீசில் இருந்தவன் கை, கருத்து என்ன என்று கேட்டால் வேறு எதையும் எழுதப் பழகவில்லை. 'மேலிடத்தின் முடிவுக்குப் பணிவுடன் விடப்படுகிறது' என்று எழுதி உள்ளே தள்ளிவிட்டேன். தள்ளின பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. வீட்டில் சொன்னபோது என் மனைவி, "கையில கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மறுநாள் கோப்பு வந்தது. 'மேலிடம் யார்?' என்று கேட்டிருந்தது. நான் 'தாங்கள்தான்' என்று எழுதி அனுப்பினேன். வேறு என்ன எழுதுவது? பலகை மூடியது, தாள் புரண்டது, பலகை மறுபடி திறந்தது. என் எழுத்துக்குக் கீழே, மை காயாமல், 'உறுதியாகத் தெரியுமா?' என்று இருந்தது.

பதில் எழுதாமல் கோப்பை அப்படியே உள்ளே தள்ளினேன். அது இன்று காலை. தள்ளிவிட்டு உட்கார்ந்த சிறிது நேரத்தில் மணி அடித்தது. ஒன்று. சரி, கோப்பு தயார் என்று எழுந்தேன். இரண்டு. தண்ணீர் போலிருக்கிறது என்று டம்ளரைக் கையில் எடுத்தேன். மூன்று. டம்ளர் கையிலிருந்து விழுந்து நடைபாதை முழுக்க உருண்டு போயிற்று. நான் போகவில்லை அக்கா. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் பயம். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் பெரியவர் இருந்தாலும் பயம், இல்லாவிட்டால் அதைவிடப் பயம். நடைபாதையில் போன பதிவாளரைக் கூப்பிட்டு மணி மூன்று தடவை அடித்துவிட்டது என்றேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். கையில் டீ இல்லை, ஆனால் இருப்பது மாதிரிக் கையை வைத்துக்கொண்டு போய்விட்டார். ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். மருத்துவ விடுப்புக்கு எழுதி வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன். கட்டடம் நின்றால் நிற்கட்டும். அந்த அறையில் யாரும் இல்லை என்பதுதான் என் எண்ணம். யாரும் இல்லாத அறையிடம் சின்னவனுக்காக நான் எதைக் கேட்பது? நீ ஐந்தாம் கோர்ட் நீதிபதியின் இடுப்புக்காக வேண்டிக்கொள். என்னால் ஆகாது. என்னை மன்னித்துவிடு. எனக்கு ஒரு விசிறியைச் சரி செய்து கொடுத்த பிள்ளைக்கு, அந்த அளவுக்குக்கூட நான் செய்யவில்லை என்று எனக்கே தெரிகிறது.

அத்தானுக்கு என் மரியாதையான வணக்கம். அவருக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டதாகச் சொல். பெரியவளுக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைகளுக்கும் மாமாவின் ஆசிகள். எல்லாரும் நீண்ட ஆயுளோடும், கோர்ட் வாசலை மிதிக்காத பாக்கியத்தோடும் நன்றாக இருக்க வேண்டும். சின்னவனைப் பார்க்கப் போனால் மாமா கேட்டதாகச் சொல். வேறு எதுவும் சொல்லாதே.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பாதியை நீ நம்ப வேண்டாம். நான் வீட்டுக்குப் போகவில்லை. கடிதத்தை மடித்து, சுவிட்சில் கை வைத்து விளக்கை அணைத்தேன். அணைத்த உடனே மறுபடி மணி மூன்று தடவை அடித்தது. அப்போது எனக்கு உன் குரல்தான் கேட்டது, என் மனைவி நடித்துக் காட்டிய அதே குரல், ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா என்று. கதவைத் தள்ளினேன். அதற்குப் பூட்டே இல்லை அக்கா. இத்தனை பேர் இத்தனை நாளும் உத்தரவு உத்தரவு என்று நின்றார்களே, ஒருவர்கூடக் கைப்பிடியைத் திருகிப் பார்க்கவில்லை, நான் உட்பட. உள்ளே ஒருவரும் இல்லை. ஒரு பெரிய மேசை, மூடி திறந்த ஒரு பச்சை மைப் பேனா, ஒரு நாற்காலி. நாற்காலியில் கை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. சின்னவன் மனு நடுவில் விரித்தபடி கிடந்தது, அதன் மேல் ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு காலில் நூல் சுற்றியது. ஆகவே எனக்கு வந்த கேள்விகளை எழுதியது யார் என்று உனக்கும் இப்போது தெரியும். கண்ணாடிக்காரர் எங்கே என்று மட்டும் கேட்காதே, அறைக்கு வேறு கதவு இல்லை. வேறு பேனா கிடைக்குமா என்று இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே பேனா இல்லை. மூக்குக் கண்ணாடிகள் இருந்தன, ஒன்றன்மேல் ஒன்றாக, பழைய காலத்து வட்டக் கண்ணாடியிலிருந்து நம் காலத்து மாதிரி வரை.

உட்கார்ந்தேன். நின்றுகொண்டு எழுத வராது, அதனால்தான். 'உறுதியாகத் தெரியுமா?' என்பதற்குக் கீழே 'தெரியாது. ஆனாலும் நாளையே இரண்டாம் கோர்ட்டுக்கு மாற்றுக' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். என்னுடையதைத்தான் போட்டேன், விழுந்தது அந்தக் கொக்கிதான். திறப்பின் பலகையைத் தூக்கிக் கோப்பை வெளியே வைத்து மணியை ஒரு தடவை அடித்தேன், வெளியே யாரும் இல்லை என்று தெரிந்தும். ஒரு கை வந்து எடுத்துக்கொண்டது. நான் பார்த்தறியாத கை, புதுச் சட்டை, கோப்பைத் தலைகீழாகப் பிடித்தது. பாவம், பழகிவிடும். ஆகவே நாளைக் காலை நீயும் அத்தானும் இரண்டாம் கோர்ட்டுக்குப் போங்கள். அந்த அம்மா கேட்பார். பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு போடு. என்னைப் பார்க்க இந்தப் பக்கம் வர வேண்டாம், விட மாட்டார்கள்.

நானும் அந்த ஒரு கையெழுத்தோடு எழுந்து வந்திருப்பேன். எழுந்தபோதுதான் சுவரோரமாக அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். எல்லாம் ஐந்தாம் கோர்ட் மனுக்கள், யாராவது மாற்றச் சொல்வார்கள் என்று காத்துக் கிடக்கிறவை. மேலே இருந்த ஒன்றைப் பிரித்தேன். அதுவும் சின்னவன் வயசுப் பையன்தான். இவர்களுக்கெல்லாம் வாசலில் தாய்மாமன் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இதை மட்டும் முடித்துவிட்டு வருகிறேன் என்று உட்கார்ந்தேன், பிறகு அடுத்ததையும் எடுத்தேன். எழுத்து கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது, மேசையில் கிடந்த நூல் சுற்றிய கண்ணாடியை எடுத்து மாட்டினேன், எனக்குச் சரியாகவே இருக்கிறது. கடிதத்தை மற்றக் கோப்புகளோடு வெளியே வைக்கிறேன், பியூன் கையில் இன்றைக்கே உன்னிடம் வந்து சேரும். இப்போது வெளியே சுவிட்ச் போடுகிற சத்தம் கேட்டது. என் மனைவிக்கு நீ ஒரு போன் செய்து, எனக்காகச் சாப்பாடு எடுத்து வைக்க வேண்டாம் என்று சொல். அவள் நாளைக்கு இங்கே வந்து விசாரித்தால், உள்ளேதான் இருக்கிறார் என்று விளக்கைக் காட்டுவார்கள். சண்டை போடாமல் திரும்பிப் போகச் சொல். இந்தத் தடவை அவர்கள் சொல்வது உண்மை.